தென்னையைச் சோதிக்கும் காமிராவும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியும்

குளச்சல் முதலிய கடலோர ஊர்களில், ஆளில்லா விமானத்தால் தென்னை விளைகளைப் படம்பிடித்து நோயறிய விரும்பும் நிலச்சொந்தக்காரர்கள், கூலி பேசுமுன் காமிராவின் உள்ளமைப்பைச் சற்று அறிந்திருத்தல் அவசியம்.

மனிதர் கண்ணுக்குப் புலனாவது ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியாகும். சிவப்புக்கு அப்பாலுள்ள அகச்சிவப்புக் கிரணங்கள் கண்ணுக்குத் தெரியா. டிஜிட்டல் காமிராவிலுள்ள சிலிக்கன் தகடோ சுமார் 1100 நானோமீட்டர் வரை உணரவல்லது. அக்கிரணங்களை உள்ளே விட்டால் இலையின் பச்சை மாறும், சில கருந்துணிகள் செந்நிறமாய்த் தோன்றும், தெளிவும் குறையும். ஆகையால் தகட்டின் முன்னே அவற்றைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடியொன்று பொருத்தப்படுகிறது.

சாதாரணப் படத்துக்கு நன்மையான இக்கண்ணாடி, பயிர்ச் சோதனைக்குத் தடையாகும். எங்ஙனமெனில், நலமுள்ள இலை சிவப்பொளியைப் பெரிதும் உட்கொண்டு, அகச்சிவப்பைப் பெரிதும் திருப்பியனுப்புகிறது. இலை நலியுங்கால் இவ்விரண்டின் வித்தியாசம் குறைகிறது. இவ்வித்தியாசத்தை அளந்தே பயிரின் நலம் மதிக்கப்படுகிறது. தடுப்புக் கண்ணாடியுள்ள காமிராவால் இதனைச் செம்மையாய் அளக்க இயலாது.

இம்முறை நமக்குப் புதியதன்று. 1970-ஆம் ஆண்டில் விஞ்ஞானி பி. ஆர். பிஷாரடியும் அவர் குழுவினரும், அண்டையிலுள்ள கேரளத்தின் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு பிலிமில் படம்பிடித்து, வேர்வாடல் நோயை ஆராய்ந்தனர். அன்று பிலிம் செய்த வேலையை இன்று பல அலைவரிசைக் காமிராக்கள் செய்கின்றன.

கூலி பேசுவோர் கேட்கவேண்டியவை இரண்டு:

1. காமிரா சிவப்பையும் அகச்சிவப்பையும் தனித்தனியே பதிவு செய்யுமா?

2. வெயிலின் ஏற்றத்தாழ்வைக் கணிக்க, அளவறிந்த சாம்பல்நிற அட்டையை முதலில் படம்பிடிப்பார்களா?

டெலிவிஷன் ரிமோட்டின் ஒளி கைப்பேசிக் காமிராவில் மங்கலாய்த் தெரிவதுண்டு. தடுப்பு முழுமையன்று என்பதே அதன் பொருள். அக்காமிரா பயிர்ச் சோதனைக்கு உதவுமென்பதன்று. கண்ணாடியைக் கழற்றும் பொருட்டுக் காமிராவைத் தாமே பிரித்தலும் ஆகாது. பிளாஷ் விளக்குள்ளதில் தேங்கிய மின்சாரம் தாக்கக்கூடும்.

முடிவாக, மரம் நலிந்திருப்பதைப் படம் காட்டும், காரணத்தைக் காட்டாது. நீர்க்குறைவும் உரக்குறைவும் வேர்வாடலும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம். எனவே படத்தில் வேறுபட்ட மரங்களுக்கு அடையாளமிட்டு, ஓலைக்கீற்றுகள் விலாவெலும்புபோல் உள்வளைந்துள்ளனவா, மஞ்சளித்து ஓரங்கருகியுள்ளனவா என்று நேரில் பார்க்கவேண்டும். படத்தை மட்டும் நம்பிக் காய்க்கும் மரத்தை வெட்டினால் அந்நஷ்டத்தை ஈடுசெய்யப் பல ஆண்டுகளாகும். வெட்டுமுன் வேளாண்மை அலுவலருக்குக் காட்டி ஆலோசனை பெறுதல் நலம்.