சோணாடு கொண்டான் காசும் சேந்தமங்கலத்துச் சிறையும்

நைனார்பாளையம் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அண்மையில் உள்ளது சேந்தமங்கலம். காடவர் கோனாகிய கோப்பெருஞ்சிங்கனின் தலைநகராக விளங்கிய இவ்வூரிலேயே மூன்றாம் இராசராச சோழன் சிறையிருந்தான். அவன் வீழ்ச்சியின் தொடக்கத்தைப் பாண்டியர் செப்புக் காசொன்று இரண்டு சொற்களில் உணர்த்துகின்றது.

அக்காசிற் காணப்படும் தமிழெழுத்துக்கள் 'சோணாடு கொண்டான்' என்பனவாம். வெளியிட்ட வேந்தனின் இயற்பெயரோ ஆண்டோ அதன்கண் இல்லை. எனினும், 1216இல் முடிசூடிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனைக் கல்வெட்டுக்கள் 'சோணாடு கொண்டருளிய' என அடைகொடுத்துக் குறித்தலின், காசும் அவனுடையதே என அறிஞர் கொள்வர்.

இப்பெயர்க்கு முன்வரலாறு ஒன்று உண்டு. மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரையை வென்று, பாண்டியன் முடித்தலை கொண்டதாகத் தன் கல்வெட்டுக்களிற் பொறித்தான். அப்பழியைத் துடைக்கவே சுந்தரபாண்டியன் 1219ஐ ஒட்டிச் சோணாட்டின்மேற் படையெடுத்தான். தஞ்சையும் உறந்தையும் எரியுண்டன. பின்னர் நாட்டைச் சோழர்க்கே மீள அளித்துச் 'சோணாடு வழங்கியருளிய' என்ற பெயரும் பூண்டான். காசு 'கொண்டான்' என்றதனோடு நின்றது.

அடுத்து ஆண்ட இராசராசன் பாண்டியனோடு மீண்டும் பொருது தோற்றான். வடக்கே சென்றவனைக் கோப்பெருஞ்சிங்கன் சிறைப்படுத்தினான். இதனையறிந்த போசள வேந்தன் இரண்டாம் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் இருவரை 1231இல் ஏவினான். அவர்கள் காடவன் ஊர்களை அழித்துச் சேந்தமங்கலத்தை முற்றுகையிட முனைந்த அளவில், சோழன் விடுவிக்கப்பட்டான். திருவயிந்திரபுரக் கல்வெட்டு இதனை விரித்துரைக்கின்றது.

காசை மட்டும் நோக்குவோர் சோழராட்சி அன்றே முடிந்ததெனக் கருதக்கூடும். கல்வெட்டையும் உடன்வைத்து நோக்கின், நாடு மீண்டதும், தன் வலியால் அதனைக் காக்கமாட்டாத மன்னன் பிறர் துணையால் மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் அரியணையில் இருந்ததும் புலனாகும். முதற்போரின் பின்னரும் இரண்டாம் போரின் பின்னரும் பாண்டியன் சோணாடு கொண்டவனாகவே பேசப்பட்டமையின், காசு வெளிவந்த காலத்தை இப்பெயர் ஒன்றுகொண்டு துணிதல் இயலாது. அது கிடைத்த இடமும் உடன்கிடைத்த காசுகளுமே அதற்குத் துணைசெய்யும். உழுபடைச் சாலிற் கிட்டும் செப்புக்காசை உருக்கிவிட்டால், செம்பு எஞ்சும், சான்று அழியும்.