சேஃப்டி ஆடிட்: முதலாளிக்குக் கவசமா, எதிர்சாட்சியா?

மறைமலை நகரில் கார் உதிரிபாக ஆலை, ஆலத்தூரில் மருந்து கம்பெனி, மாமல்லபுரத்தில் கல் சிற்பக்கூடம். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: விபத்து நடந்தால் யார் பதில் சொல்லணும்?

முதலாளிக்கு என்ன தண்டனை?

2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, முதலாளி கடமை தவறி அதனால் தொழிலாளி இறந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது ரூ.5 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்குத் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

"அவர் கான்ட்ராக்ட் ஆளு சார்" என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. இழப்பீட்டை வேலை கொடுத்த நிறுவனத்திடமே கேட்கலாம். கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது நிறுவனத்தின் பாடு.

இதில் ஆடிட் எங்கே வருகிறது?

ஆபத்தான ரசாயனங்களை அதிக அளவில் கையாளும் ஆலைகளுக்கு 1989 விதிகளின்படி ஆடிட் கட்டாயம். மற்ற பல நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்வதுதான். வெளி நிபுணர் வந்து மெஷின், வயரிங், அவசர வழி, பயிற்சிப் பதிவேடு என எல்லாவற்றையும் பார்த்துக் குறைகளை எழுதித் தருவார். இதற்கென்றே ஐஎஸ் 14489 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 101-வது பிரிவு, தகுந்த கவனம் எடுத்ததையும், தனக்குத் தெரியாமல் வேறொருவர் தவறு செய்ததையும் நிரூபிக்கும் முதலாளிக்கு விலக்கு தந்தது. கவனம் எடுத்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். அந்தக் காகிதம்தான் ஆடிட்.

ஆனால் இழப்பீடு வேறு கணக்கு. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு (1985) வழக்கில், ஆபத்தான தொழில் செய்பவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இழப்பீடு தந்தே ஆகணும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஃபைலில் தூங்கினால்?

அங்கேதான் சிக்கல். 1982 மே மாதம் போபால் யூனியன் கார்பைடு ஆலையை அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பொறியாளர்களே ஆய்வு செய்து, பெரிய ஆபத்துகளை எழுதிக் கொடுத்தார்கள். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தது. 'ஆபத்து முன்பே தெரியும்' என்பதற்கு அந்த அறிக்கையே ஆதாரமாகிப்போனது. 2010-ல் இந்திய நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் 7 பேருக்கு 2 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

அப்போ என்ன செய்யணும்?

• ஒவ்வொரு குறைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு தேதி.
• சரிசெய்ததற்கு போட்டோ, பில், கையெழுத்து.
• நைட் ஷிஃப்ட், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து ஆய்வு.
• மூலகாரணத்தைச் சரிசெய்வது. சிற்பக்கூடத்தில் கல் தூசு நுரையீரலை அரிக்கும் சிலிகோசிஸைத் தரும். மாஸ்க் கொடுத்தால் மட்டும் போதாது. தண்ணீர் விட்டு அறுப்பதும் தூசு உறிஞ்சும் கருவியும் முதலில் வரணும்.

நீங்கள் ஊழியரா?

பாதுகாப்புத் தகவல்களைக் கேட்கும் உரிமையைப் புதிய சட்டம் உங்களுக்குத் தருகிறது. ஹெச்ஆரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கடைசி ஆடிட் எப்போ? அதில் சொன்ன குறைகளில் இன்னும் எத்தனை பாக்கி?