பிரிந்த பெற்றோரின் பிள்ளையும் நமது பார்வையும்

மணமுறிவைக் குறித்து மாற்கு பத்தாம் அதிகாரத்திலிருந்து பிரசங்கிக்கும் நாம், பெரும்பாலும் பன்னிரண்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனத்திலேயே சிறு பிள்ளைகள் கொண்டுவரப்படுகிறார்கள், சீடர்கள் அதட்டுகிறார்கள், ஆண்டவரோ சீடர்மீது விசனமடைகிறார். மத்தேயு பத்தொன்பதாம் அதிகாரத்திலும் இதே வரிசையைக் காண்கிறோம். பெரியோரின் பிரிவைப் பற்றிய வாதம் முடிந்தவுடன், பிள்ளையைத் தடுத்து நிற்பவர் யார் என்னும் கேள்வி எழுவது நமது சிந்தனைக்குரியது.

தேவாரத்திலும் போடிநாயக்கனூர்ப் பகுதியிலும் ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்பில் மலையேறுவோர் பலர். அவ்வீடுகளில் பிள்ளையை அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ அழைத்து வருபவர் பெரும்பாலும் பாட்டியே. பெற்றோர் பிரிந்துவிட்ட வீட்டிலும் பாட்டியே வருகிறார். வெளித்தோற்றம் ஒன்று, உள்நிலை வேறு. எனினும், "அது பிரிந்துபோன வீட்டுப் பிள்ளை" என்னும் சொல் வகுப்பறைக்குள் எளிதில் நுழைந்துவிடுகிறது. அதன்பின் எழுதாத வீட்டுப்பாடத்துக்கும், உடன்பயில்வோரோடு நேர்ந்த சண்டைக்கும், மௌனத்துக்குங்கூட அதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 1978இல் அமெரிக்க ஆய்வாளர்களான சான்ட்ராக், டிரேசி ஆகியோர் 8 வயதுச் சிறுவன் ஒருவனைப் படம்பிடித்து ஆசிரியர்களுக்குக் காட்டினர். ஒரு சாராரிடம் அவன் பெற்றோர் மணமுறிவு பெற்றவர் என்றும், மற்றவரிடம் சேர்ந்து வாழ்பவர் என்றும் கூறினர். சிறுவனும் ஒருவனே, படமும் ஒன்றே. ஆயினும் முதல் சாரார் அவனை மகிழ்ச்சியிலும், மனச்சமநிலையிலும், நெருக்கடியைச் சமாளிக்கும் திறனிலும் குறைந்தவனாக மதிப்பிட்டனர். அவர்கள் கண்டது பிள்ளையை அன்று. தாங்கள் கேள்விப்பட்ட செய்தியையே கண்டனர்.

பிரிவினால் பிள்ளைக்குத் துன்பமே இல்லை என நாம் கூறவில்லை. நெடுங்காலம் இதை ஆராய்ந்த ஹெதரிங்டன் அம்மையார் 2002இல் வெளியிட்ட நூலின்படி, மணமுறிவுக் குடும்பங்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் கடும் இடர்ப்பாடுகளுக்கு உள்ளாகின்றனர். பிற குடும்பங்களில் இது ஏறத்தாழ 10. வேறுபாடு மெய்யே. ஆனால் பெரும்பான்மையோர் தேறி வளர்கின்றனர் என்பதும் மெய்யே. ஆகவே இப்பிள்ளைக்கு இன்று என்ன நேர்ந்தது என்று கேட்பது கவனிப்பு. கேளாமலே முடிவு செய்வது தீர்ப்பு. பரிதாபமும் சிலவேளை தீர்ப்பாகிவிடும். "பாவம், இவனிடம் என்ன எதிர்பார்ப்பது?" என்று இரங்கும் ஆசிரியர், அவன் எட்டக்கூடிய உயரத்தைத் தாமே குறைத்துவிடுகிறார். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனோ, இவனைப் பெற்றவரோ என வினவிய சீடர்களின் பிழையும் இத்தகையதே. ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்கவில்லை.

குருமார் செய்யத்தக்கவை சில உண்டு. ஓய்வுநாட்பள்ளி ஆசிரியரிடம் ஒரு பிள்ளையை அறிமுகப்படுத்துகையில் பெயரையும் விருப்பங்களையும் கூறுவோம். பெற்றோரின் வழக்கைக் கூறவேண்டாம். பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வரினும் பாட்டி வரினும் ஒரே மரியாதையோடு வரவேற்போம். பிள்ளையின் நடத்தை மாறினால், உறக்கம், உணவு, வீட்டில் இருப்பவர் யார் என்பவற்றைத் தனிமையில் பரிவோடு விசாரிப்போம். மணவுறவின் புனிதத்தைப் போதிக்கும் நாளிலும், முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் அப்பிள்ளையை நினைவிற்கொண்டே பேசுவோம். பன்னிரண்டாம் வசனத்தைப் போதிக்கும் நாம், பதின்மூன்றாம் வசனத்தில் அதட்டுவோராக நிற்கலாகாது.