ஜீப்பின் மூட்டு வலி

வயதானால் மூட்டு வலி வருவது மனித இயற்கை. வாகனங்களும் இந்த விதிக்கு விலக்கல்ல. சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில், தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே இருக்கிறது பீர்க்கன்கரணை. 2021-ஆம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். இவ்விடத்தில் சாலையோரமாய் நின்று சிறிது காது கொடுத்தால், பஸ்களின் உறுமலுக்கும் லாரிகளின் ஆரவாரத்துக்கும் இடையே, எப்போதாவது 'டொக், டொக்' என்று ஒரு முனகல் கேட்கும். பழைய ஜீப் ஒன்று மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது என்று அறிந்து கொள்ளலாம். எஞ்சினுக்கு ஒன்றும் நேர்ந்து விடவில்லை. ஸ்பிரிங் பட்டையின் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு வளையம் தேய்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குத்தான் 'புஷ்' என்று பெயர்.

அவ்வளவுதானே என்று அலட்சியமாயிருப்பதில்தான் அபாயம் இருக்கிறது. புஷ் தேய்ந்தால் அச்சு தன் இடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் அசையும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கும். டயர் ஒரு புறம் மாத்திரம் தேயும். கடைசியில் போல்ட்டும் பட்டையின் கண்ணும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். சொற்ப விலையுள்ள ஒரு சாமானை மாற்றாததால் முழுப் பட்டையையே மாற்ற நேரிடும். குழந்தை குட்டிகளோடு நெடுஞ்சாலையில் செல்லும் குடும்பத்துக்கு இது பணத்தைப் பற்றிய விஷயம் மாத்திரமல்ல, உயிரைப் பற்றிய விஷயமும் ஆகும்.

வந்த கதை

அமெரிக்க ராணுவத்துக்காக 1941-இல் பெருந்தொகையாய்ச் செய்யத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், யுத்தம் முடிந்த பிறகு நம் நாட்டில் நிலையாய்க் குடியேறிவிட்டது. 1945-இல் ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்களும் குலாம் முகம்மதும் சேர்ந்து 'மஹிந்திரா அண்டு முகம்மது' என்ற கம்பெனியை ஏற்படுத்தினார்கள். 1947-இல் தேசம் பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாய்ப் போய்விட்டார். மறுவருஷம் கம்பெனி 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' ஆயிற்று. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டிக் கொண்டிருந்தவர்கள், பிறகு ஜீப்பை இங்கேயே முழுவதும் செய்யத் தேர்ந்தார்கள். இன்றோ, பீர்க்கன்கரணையிலிருந்து அதே சாலையில் தெற்கே சென்றால், செங்கற்பட்டுக்கு அருகில் அக்கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடமே இருக்கிறது! 2012-இல் திறக்கப்பட்டது அது.

கிரீஸ் நண்பனா, பகைவனா?

புஷ் வாங்கப் புறப்படுமுன் நமது வண்டியில் எந்த ஜாதிப் புஷ் இருக்கிறதென்று பார்ப்பது அவசியம். ஆதி வில்லிஸ் ஜீப்பிலும் அதன் வழி வந்த பழைய வண்டிகளிலும், பட்டையின் ஒரு முனையைத் தாங்கும் ஷாக்கிளில் ரப்பர் கிடையாது. மரை வெட்டிய இரும்புப் புஷ்தான் உண்டு. இரும்பின்மேல் இரும்பு உராய்வதால் அதற்குக் கிரீஸ்தான் உயிர். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருப்பதைக் கொண்டு இவ்வகையை அடையாளம் காணலாம். இவற்றில் சிலவற்றுக்கு இடது மரை. அதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் திருகினால் மரை பாழாகிவிடும்.

பிற்காலத்து ஜீப்களிலும், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி முதலியவற்றிலும் ரப்பர் புஷ்களே பெரும்பாலும் இருக்கின்றன. இங்கே கிரீஸ் பரம விரோதி! இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்தால் ஊதிப் பருத்துப் பலமிழந்து விடும். 'சத்தம் போடுகிறதே' என்று ரப்பர் புஷ்ஷின்மேல் கிரீஸைத் தடவுகிறவர், சத்தத்தைச் சில நாள் அடக்கிப் புஷ்ஷின் ஆயுளையும் கூடவே அடக்கி விடுகிறார்.

ரப்பரா, பாலியூரித்தேனா?

ரப்பர் புஷ் உள்ள வண்டிக்காரர்களை இப்போது மயக்கும் சரக்கு ஒன்று இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்ப் பளபளக்கும் பாலியூரித்தேன் புஷ்தான் அது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற ரசாயன நிபுணரும் அவருடைய கூட்டத்தாரும் கண்டுபிடித்த வஸ்து. எண்ணெய்க்கு இது அவ்வளவாய் அஞ்சாது, சீக்கிரம் வெடிப்பதுமில்லை. கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் ரப்பர் புஷ் சுமார் 60 அல்லது 70 என்றால், இது 80-க்கு மேல் 95 வரையில் கூட இருக்கும்.

கடினமானது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் புஷ்ஷின் வேலையே இளகிக் கொடுப்பதுதான். நமது முழங்காலில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பு இருப்பதுபோல், அது பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்து அதிர்ச்சியை விழுங்குகிறது. கரடுமுரடான இடத்தில் ஒரு சக்கரம் மேலேயும் மறு சக்கரம் கீழேயும் போகும்போது பட்டை முறுக்கிக் கொள்ள இடம் கொடுப்பதும் அதுவே. கடினமான புஷ் போட்டால் வண்டி சற்று விறைப்பாய்த் திரும்பும். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் பிரயாணியின் முதுகெலும்புக்கு வந்து சமாசாரம் சொல்லும். அதற்குரிய விசேஷ கிரீஸ் இல்லாவிடில் கிறீச்சிடவும் செய்யும். ஓயாமல் சேற்றிலும் எண்ணெயிலும் உழலும் வண்டிக்கு அது ஏற்றதாகலாம். வீட்டு மனிதர்கள் ஏறும் வண்டிக்கு நல்ல ரப்பரே சிலாக்கியம்.

இதில் ஸ்வதேசிப் பெருமைக்கும் இடமிருக்கிறது. 1876-இல் பிரேஸிலிலிருந்து விதையாய் லண்டனுக்குப் போன ரப்பர் மரம், அங்கிருந்து இலங்கைக்கு வந்து, பின்னர் நம் மலைச் சாரல்களிலும் வேரூன்றிற்று. இன்று கன்னியாகுமரி ஜில்லாவில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருக்கின்றன. திரும்பத் திரும்ப முறுக்கினாலும் எளிதில் கிழியாத குணத்தில் இயற்கை ரப்பருக்கு இணையானவை மிகச் சில. ஆகவே மேல்நாட்டு முத்திரைக்காக அதிக விலை கொடுக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஸ்வதேசி என்றால் போலிச் சரக்கு என்று அர்த்தமில்லை. பழைய ரப்பரை அரைத்து வார்த்த மட்டமான புஷ்களும் கடைகளில் கறுப்பாய்த்தான் இருக்கின்றன. வண்டிக் கம்பெனியின் பாக எண் பொறித்ததா, ரப்பர் இரும்புக் குழாயோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா, ஓரங்களில் வெடிப்போ குமிழியோ உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். உள் விட்டம், வெளி விட்டம், நீளம் மூன்றையும் அளந்து கொண்டு போவது உத்தமம். ஒரு பக்கம் கெட்டால் இரு பக்கமும் மாற்றுவதே நியாயம். போல்ட்டும் ஷாக்கிளும் தேய்ந்திருந்தால் அவற்றையும் மாற்றாமல் புதுப் புஷ் போடுவதில் பயனில்லை.

கடைசித் திருகு

எவ்வளவு நல்ல புஷ்ஷையும் ஒரே நாளில் கெடுக்க வழி உண்டு. ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை முழுவதும் இறுக்கி விடுவதுதான் அது. இறுக்கிய நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி தரையில் இறங்கியதும் பட்டை நிமிர்ந்து, ரப்பர் முறுக்கிக் கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு நீங்காது. சில மாதங்களில் கிழிந்தும் போகும். 'புஷ் மட்டம்' என்று கடைக்காரர்மேல் பழி விழும்!

ஆகையால் நட்டை முதலில் தளர்வாய்ப் பூட்டி, வண்டியை நான்கு சக்கரங்களில் நிறுத்தி, முன்னும் பின்னும் சிறிது உருட்டிவிட்டு, அதன் பிறகே முழுவதும் இறுக்க வேண்டும். புஷ்ஷைச் சுத்தியால் அடித்துப் புகுத்தாமல், சிறிது சோப்புத் தண்ணீர் தடவி வைஸிலோ பிரஸ்ஸிலோ அழுத்திப் புகுத்தச் சொல்லுங்கள். பட்டறையில் கால் மணி நேரம் கூடுதலாகும். பரவாயில்லை, பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருங்கள். மூட்டு வலி தீர்ந்த ஜீப் இன்னும் பல வருஷம் வீட்டாரைச் சுமக்கும்.