குருவி பறந்தது, எக்ஸ் வந்தது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "ட்விட்டர் தளத்தை மூடிவிட்டார்களா?" இல்லை. பெயர்தான் எக்ஸ் என்று மாறியிருக்கிறது.

2006ல் தொடங்கிய ட்விட்டரை, 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். 2023 ஜூலையில் நீலக் குருவியை எடுத்துவிட்டு எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தை வைத்தார். சான்பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் பெயர்ப்பலகையைக் கழற்றும்போது போலீஸ் வந்து வேலையை நிறுத்த, கடைசி இரண்டு எழுத்துகளும் குருவியும் மட்டும் சுவரில் மிஞ்சின. அவ்வளவு அவசரம்! மஸ்க்கிற்கு இந்த எழுத்தின் மீது பழைய ஆசை. 1999ல் அவர் தொடங்கிய இணைய வங்கியின் பெயரும் எக்ஸ் டாட் காம்தான். பின்னர் அதுவே பேபால் ஆனது. ஊரெல்லாம் "ட்வீட் போட்டேன்" என்று சொல்லிப் பழகிய பிறகு அதை "போஸ்ட்" என்று மாற்றியது எனக்கு இன்றும் புரியாத வியாபாரம்.

பெயர் மாறினால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2024 மே மாதம் தள முகவரியும் எக்ஸ் டாட் காம் ஆனது. பிரவுசர் பாஸ்வேர்டை முகவரியுடன் சேர்த்தே நினைவில் வைக்கிறது. செக்யூரிட்டி கீ எனப்படும் சிறு சாதனமும் அப்படியே. அதனால்தான் அதைப் பயன்படுத்துவோர் 2025 நவம்பர் 10க்குள் மீண்டும் பதிவு செய்திட வேண்டும் என்று நிறுவனம் அறிவித்தது.

இதைவிட வேடிக்கையான, ஆனால் ஆபத்தான ஒன்று 2024 ஏப்ரலில் நடந்தது. ஐபோனுக்கான எக்ஸ் அப்ளிகேஷன், பதிவுகளில் "ட்விட்டர் டாட் காம்" என்று எங்கு வந்தாலும் "எக்ஸ் டாட் காம்" என மாற்றிக் காட்டியது. ஒருவர் "நெட்ஃப்ளி" என்பதுடன் "ட்விட்டர் டாட் காம்" என்பதை இடைவெளியின்றி ஒட்டி எழுதினால், திரையில் நெட்ஃப்ளிக்ஸ் முகவரி தெரியும்! கிளிக் செய்தால் போவதோ அந்த ஒட்டுப் போட்ட முகவரிக்கு. விஷமிகள் கையில் சிக்கிவிடக் கூடாதென்று சிலர் தாங்களாகவே இத்தகைய முகவரிகளைப் பதிவு செய்து வைத்தனர். பின்னர் இந்தக் குறை சரி செய்யப்பட்டது.

"தளத்தின் பெயர் மாறிவிட்டது, பாஸ்வேர்டை மீண்டும் தருக" என்று மெயில் வந்தால், அதிலுள்ள லிங்க்கில் கிளிக் செய்திட வேண்டாம். மவுஸ் பாயின்டரை அதன் மீது வைத்தாலே போதும். லிங்க் உண்மையில் எங்கு போகிறது என்பது பிரவுசரின் கீழ் இடது மூலையில் தெரியும். சந்தேகம் இருந்தால் பிரவுசரில் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே செல்லுங்கள்.