விடிகாலைக் கறவைக்குப் போய்ப் பாருங்கள்

ஈரோடு, கோபி, பெருந்துறைப் பக்கத்துப் பண்ணைகளில் கறவை மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். பண்ணை ஏதாவது விலைக்கு வந்தால், வாங்கப் போகிறவர்கள் என்னையும் கூப்பிடுவார்கள். "மெஷினுக்கு என்ன விலை போடலாம்னு மட்டும் சொல்லுங்கண்ணா" என்பார்கள். மெஷினைத் தனியாக விலை சொல்ல எனக்கு மனம் வராது. தினமும் இரண்டு வேளை அதற்குக் காம்பு கொடுத்த மாடுகள் பக்கத்திலேயே நிற்கின்றன. மெஷினை எப்படி வைத்திருந்தார்கள் என்பது அந்த மடிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விற்கிறவர் பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு வரச் சொல்வார். அதற்குள் கொட்டகை கழுவி, மாடு குளிப்பாட்டி, எல்லாம் பளிச்சென்று இருக்கும். சாயங்காலக் கறவைக்குப் போங்கள். மறுநாள் விடிகாலைக் கறவைக்கும் அன்று மாலைக் கறவைக்கும் கூட நில்லுங்கள். காலையில் கறக்காமல் விட்டு, மாலையில் மடி புடைக்கக் காட்டுவது பழைய சந்தை வித்தை. அதனால் முதல் கறவையைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த இரண்டையும் கூட்டினால்தான் உண்மையான ஒரு நாள் பால் தெரியும்.

இனி மெஷினுக்கு வருவோம். நீங்கள் போகும்போதே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லி, ஆறிய பிறகு உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள். வேக்குவம் கேஜில் முள் 42 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள் ஓர் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது, இல்லையென்றால் பம்ப்பின் உள்தகடுகள் தேய்ந்திருக்கின்றன. காம்பில் மாட்டும் கப் ஒன்றைத் திறந்து காற்றை உள்ளே விட்டு மூடுங்கள். முள் இறங்கிச் சட்டென்று பழைய இடத்துக்கு ஏற வேண்டும். பிறகு மற்ற கப்புகளை மூடிவைத்து, ஒரு கப்புக்குள் கட்டைவிரலை விடுங்கள். ரப்பர் விரலைப் பிடித்துப் பிடித்து விடும். அந்தப் பிடியை இயக்கும் பல்சேட்டர் சரியாக இருந்தால் நிமிடத்துக்கு 60 தடவை, கடிகாரத்தை வைத்து எண்ணலாம். பிடி தளர்ந்திருந்தால் மாட்டின் காம்புக்கு ரத்த ஓட்டம் திரும்புவதில்லை, நாளடைவில் காம்பு நுனி தடித்துப் போகும்.

எல்லோரும் மோட்டார் எந்தக் கம்பெனி, எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்கிறார்கள். ரப்பரை யாரும் கேட்பதில்லை. கப்புக்குள் இருக்கும் லைனர் என்கிற அந்த ரப்பர் குழாய் 2,500 கறவைக்குத்தான் உழைக்கும். நாலு கப்பும் சேர்ந்த ஒரே கிளஸ்டரில் பத்து மாடு இரண்டு வேளை கறந்தால் ஒரு நாளைக்கு 20 கறவை. நாலு மாதத்தில் மாற்றியாக வேண்டும். ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இழுபட்டிருக்கிறதா, உள்ளே வெடிப்பு இருக்கிறதா, விரலால் தேய்த்தால் கருப்பு ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். மூக்கருகில் கொண்டுபோனால் புளித்த வாடை வரக் கூடாது. எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். வெந்நீரும் அதற்கான அமிலமும் போட்டுக் கழுவாத குழாய்களில் வெள்ளையாகப் படிவு கட்டி, கிருமி அதன் அடியில் குடியிருக்கும்.

கொஞ்ச நாள் முன்பு திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டு வந்த ஒரு தம்பியோடு கோபி பக்கம் பன்னிரண்டு மாட்டுப் பண்ணை பார்க்கப் போனேன். மெஷின் புதிதாகவே இருந்தது. கறவை நடக்கும்போது, கறக்கிற அம்மா ஒரு செவலையைத் தாண்டிப் பக்கத்து மாட்டுக்குப் போனார். "அதை ஏங்க்கா விட்டுட்டீங்க?" என்றேன். "அதைக் கடைசியாத்தான் கறப்போமுங்க" என்றார், மறைக்கத் தெரியாமல். மடி நோய் கண்ட மாட்டைத்தான் கடைசியில் கறப்பார்கள். கிளஸ்டரை எடுத்ததும் அந்தச் செவலையின் காம்புகளைப் பார்த்தேன். நுனி நீலம் பாய்ந்து, அடியில் கப்பின் வாய் வளையமாகப் பதிந்திருந்தது. வேக்குவம் ஏறிப் போன மெஷின் செய்கிற வேலை இது. வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வடிகட்டியைத் திறந்தால் தூசி அடைத்துக் கிடந்தது. அதன்பிறகு எல்லா மாட்டுக்கும் நாலு காம்பிலும் தனித்தனியாகப் பால் எடுத்து, மடி நோய் சோதிக்கும் சிஎம்டி கரைசலைச் சம அளவு ஊற்றிச் சுழற்றிப் பார்த்தோம். பால் கொழகொழவென்று திரண்டால் மடி நோய் உள்ளே இருக்கிறது, வெளியே வீக்கம் தெரியாவிட்டாலும்.

பண்ணையில் எல்லா மாடும் கறவையில் நின்றால் சந்தோஷப்படாதீர்கள். ஒழுங்காக நடக்கும் பண்ணையில் பத்துக்கு இரண்டு மூன்று மாடு எப்போதும் பால் வற்றிச் சினையாக நிற்கும். அத்தனையும் ஒரே சமயத்தில் ஈன்றிருந்தால் விற்பதற்காகவே வாங்கிக் கட்டியிருக்கலாம். சினை பிடிக்காமல் போனால் அத்தனையும் ஒரே சமயத்தில் வற்றி நிற்கும். சினை இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரைக் கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பல் இரண்டு வயது, எட்டுப் பல் சேர்ந்தால் நாலு வயதைத் தாண்டிவிட்டது. அதன்பின் தேய்மானம்தான் கணக்கு. கருச்சிதைவு நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒரு மாடும் வாங்க வேண்டாம். இந்த நோய் பாலைக் காய்ச்சாமல் குடிக்கிற மனிதர்களுக்கும், கன்று இழுக்கிற கைகளுக்கும் தொற்றும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருக்கும்போது இதைத் தவிர்ப்பதற்குக் காரணமே இல்லை.

பெரிய பண்ணையாக இருந்து பால் குளிரூட்டும் தொட்டியும் சேர்ந்து வருகிறது என்றால், அதைப் பாதிவரை தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு மூன்று மணி நேரத்தில் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் கேஸ் ஒழுக்கு, கம்ப்ரசர் தேய்மானம், அல்லது கண்டென்சரில் அடைப்பு. கடைசி ஒன்று துடைத்தால் தீரும், மற்ற இரண்டும் செலவு வைக்கும். தீவனம் வெட்டும் மெஷினில் கை போகாத மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரைக் கறவை நேரத்தில் ஓட்டச் சொல்லுங்கள்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எந்தத் தோட்டமும் பசேலென்றுதான் இருக்கும். சித்திரையில் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோவாவது பசுந்தீவனம் வேண்டும். பன்னிரண்டு மாட்டுக்கு 300 கிலோ. கோ-4 புல்லாக இருந்தாலும் வெயில் காலத்தில் தண்ணீர் பாய்ச்சினால்தான் தழையும்.

நிலமும் சேர்ந்து வந்தால் வில்லங்கச் சான்று, மாட்டின் மேல் வங்கிக் கடன் உண்டா என்கிற விசாரணை எல்லாம் வழக்கம்போல். அதைவிட முக்கியமாக, சங்கத்திலோ தனியார் பால் நிலையத்திலோ பால் ஊற்றிய நோட்டை ஒரு வருஷத்துக்குக் கேளுங்கள். நாள்தோறும் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் என்கிற கொழுப்பல்லாத திடப்பொருள் மூன்றும் அதில் இருக்கும். பங்குனி, சித்திரையில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால், கடன் தவணையை அந்த மாதங்களில் எப்படிக் கட்டுவது என்று இப்போதே கணக்குப் போடலாம்.

முன்பணம் கொடுக்கும் நாளில் ஒப்பந்தத் தாளில் ஒவ்வொரு மாட்டின் காதுத் தோட்டில் இருக்கும் 12 இலக்க எண்ணையும், மோட்டார், பம்ப், குளிரூட்டியின் எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணத்துக்கும் மாடு ஏற்றுகிற நாளுக்கும் நடுவில் நல்ல மாடு மாறிப்போவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.