பதினாறு நிமிட லாபம்

வியாபாரிகளாகிய நாம் எதையும் நிறுத்துப் பார்த்தே வாங்குகிறோம். நிறுத்துப் பார்த்தே கொடுக்கிறோம். மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தாலும் நம் கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த மூட்டை கடையை விட்டுக் கிளம்பிய பிறகு சாலையில் என்ன வேகத்தில் போகிறது என்பதை மட்டும் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. "விடியுமுன் போய்ச் சேர்ந்துவிடு" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் படுக்கப் போய்விடுகிறோம்.

விருதுநகரில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்களும் 2018ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் வரையில் இப்படித்தான் இருந்தோம். அதன் பிறகு கற்றுக்கொண்டதை நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்வது கடமை என்று எண்ணியே இதை எழுதுகிறோம். எங்கள் தவறையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். எங்கள் மினி லாரியில் திருநெல்வேலிக்கு முப்பது மூட்டை சீனியும், நாகர்கோவிலுக்கு இருபது மூட்டை வத்தலும் ஏற்றி இரவில் அனுப்பினோம். திருநெல்வேலிக் கடைக்காரர் காலை ஐந்து மணிக்கே சரக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வண்டி கிளம்பவே தாமதமாகிவிட்டது. ஓட்டுநர் எங்களிடம் பன்னிரண்டு வருடமாக இருந்தவர். ஒரு நாளும் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

கயத்தாறு தாண்டியதும், நான்கு வழிச் சாலையில் எதிர்த் திசையில் ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கில்லாமல் வந்தது. இவர் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். மோட்டார் சைக்கிள்காரர் தப்பினார். எங்கள் வண்டி சாய்ந்து, ரோட்டின் நடுத்திட்டில் படுத்துவிட்டது. கூடப் போன லோடுமேனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஓட்டுநரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் போய் அவரைப் பார்த்தபோது, "என்ன வேகத்தில் வந்தாய்?" என்று கேட்டோம். "தொண்ணூத்தஞ்சு இருக்கும் அண்ணாச்சி. அஞ்சு மணிக்குச் சேர்க்கச் சொன்னீங்களே" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்த வண்டி 80க்கு மேல் போகக் கூடிய வண்டியே அல்ல. பிறகு எப்படி 95 போயிற்று? அதற்கும் பதில் எங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. அந்த வருடம் ஆனி மாதம், "வண்டி ரிப்பேர், ரூ.500" என்று ஒரு பற்று. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பைப் பட்டறையில் கழற்றிவிட்ட கூலி அது. எங்களுக்குத் தெரிந்துதான் கொடுத்தோம்.

லாபம் எவ்வளவு?

விருதுநகரிலிருந்து திருநெல்வேலி சுமார் 110 கி.மீ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் தங்கு தடையில்லாமல் போனால் 82 நிமிடம் ஆகும். 100 கி.மீ. வேகத்தில் போனால் 66 நிமிடம். மிச்சம் பதினாறு நிமிடம்! சுங்கச் சாவடியில் நின்றது, டீக்கடையில் நின்றது எல்லாவற்றையும் கழித்தால் அதிலும் பாதிதான் தேறும்.

இனி நஷ்டக் கணக்கைப் பாருங்கள். 80லிருந்து 100 ஆகும்போது வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் ஓடுகிற வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கமாக, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில் ஏறும். ஆகவே மோதும் சக்தியும், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரமும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகின்றன. திருப்பத்தில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் அதே கணக்குத்தான். 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 22 மீட்டர் ஓடுகிறது. 100இல் சுமார் 28 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே இந்தத் தூரம் போய்விடும்.

கருவி செய்வதும் செய்யாததும்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118ஆவது விதி இந்தக் கருவியைப் பற்றியது. 2015ஆம் ஆண்டு அது திருத்தப்பட்டு, அந்த வருடம் அக்டோபர் 1ஆம் தேதி முதல் தயாராகும் லாரி, பஸ் முதலிய போக்குவரத்து வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு மணிக்கு 80 கி.மீ. என்று உச்ச வேகம் வைக்கப்பட்டது. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்துகளுக்கு 60 கி.மீ. இது நம் நாட்டில் மட்டும் உள்ள தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் 1990களிலேயே பெரிய லாரிகளுக்கு 90 கி.மீ. என்று வரம்பு கட்டின. ஜப்பானும் 2003இல் அவ்வாறே செய்தது. கார்களிலும் உண்டு. ஜெர்மனியின் பெரிய கார் நிறுவனங்கள் 1980களின் இறுதியில் தங்களுக்குள் பேசிக்கொண்டு, பெரும்பாலான கார்களை 250 கி.மீ. வேகத்தில் நிறுத்தும்படி செய்தன. வால்வோ நிறுவனம் 2020 முதல் தன் புதிய கார்களை 180க்கு மேல் ஓடாதபடி செய்துவிட்டது.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. சக்கரம் சுற்றும் வேகத்தை ஓர் உணர்வி கருவிக்குத் தெரிவிக்கிறது. வரம்பை எட்டியதும் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் கருவி குறைத்துவிடும். பிறகு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுவாக இந்தக் கருவி பிரேக் பிடிப்பதில்லை. இறக்கத்தில் வண்டி தன் பாரத்தாலேயே உருளும்போது, அதிலும் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறங்கும்போது, கருவியால் எதையும் செய்ய முடியாது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில் பார வண்டிகளுக்கு நேரும் விபத்துகளை நாம் பத்திரிகைகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நியூட்ரலில் எஞ்சினின் பிடி இல்லை. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிமானம் போய்விடும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. கருவி வேகத்துக்குத்தான் வரம்பு கட்டும். வண்டி சாயாமல் நிற்பதற்கு அது பொறுப்பல்ல.

கார் கம்பெனிகளும் கற்ற பாடம்

கோடி கோடியாகச் செலவு செய்து கார் தயாரிக்கிறவர்களே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 1997 அக்டோபரில் சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, மெர்சிடிஸ் நிறுவனத்தின் 'ஏ கிளாஸ்' என்ற புதிய சிறிய காரைச் சோதித்தது. சாலையில் குறுக்கே மான் வந்தால் எப்படித் திருப்பி மீட்போமோ, அப்படித் திருப்பிப் பார்க்கும் சோதனை. சுமார் 60 கி.மீ. வேகத்திலேயே கார் உருண்டுவிட்டது. காரின் உயரம் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். கம்பெனி விநியோகத்தை நிறுத்திவைத்து, அடிப்பாகத்தைத் திருத்தி, நிலைத்தன்மைக் கருவியை எல்லா ஏ கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. கார் சறுக்கப் போகும்போது ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் தானே பிரேக் பிடித்து நேர்ப்படுத்தும் கருவி அது.

அடுத்து, ஆடி நிறுவனம் 1998இல் வெளியிட்ட 'டிடி' என்ற கார். அது தாழ்வான கார்தான். ஆனால் மிக அதிக வேகத்தில் அதன் வளைந்த முதுகின் மேல் ஓடும் காற்று பின்பகுதியைத் தூக்கியது. பின்சக்கரத்தின் பிடி குறைந்து, ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கார்களைத் திரும்ப அழைத்து, பின்னால் ஒரு தகட்டு இறக்கையும் நிலைத்தன்மைக் கருவியும் வைத்துக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டு கதைகளும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு காரை உயரம் சாய்த்தது; இன்னொன்றைக் காற்று தூக்கியது. நம் சரக்கு வண்டிகளுக்கு இரண்டு தொல்லையும் உண்டு. அவற்றின் உயரத்தைத் தீர்மானிப்பது கம்பெனி மட்டுமல்ல, நாமும்தான். ஒவ்வொரு இரவும் மூட்டை அடுக்கும்போது அதைத் தீர்மானிக்கிறோம்.

மூட்டை அடுக்கும் முறை

எங்கள் வண்டியில் அன்று என்ன செய்தோம்? நாகர்கோவில் கடைசி ஊர் என்பதால் வத்தலை முதலில் ஏற்றி அடியில் போட்டோம். திருநெல்வேலியில் முதலில் இறக்க வேண்டும் என்பதால் சீனியை மேலே போட்டோம். இறக்குகிற வசதி ஒன்றைத்தான் பார்த்தோம். லேசான சரக்கு அடியில், ஒன்றரை டன் சீனி உச்சியில்! கைவண்டியில் காலி அட்டைப்பெட்டிகளை அடியில் அடுக்கி, மேலே எண்ணெய் டின்களை வைத்து வேகமாகத் திருப்பினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று. அதே சீனி அடியில் இருந்திருந்தால் வண்டி சாயாமலே போயிருக்கலாம் என்று பின்னர் பார்த்த அனுபவஸ்தர்கள் சொன்னார்கள். நாலைந்து மூட்டைகளை ஊருக்கு ஏற்றபடி மாற்றி இறக்குவதற்கு லோடுமேனுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்குத் தெற்கே, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று, வடக்கு தெற்காகப் போகும் அந்தச் சாலையில் வண்டியின் விலாவில் அறைகிறது. தார்ப்பாய் கட்டிய உயரமான வண்டியும், சரக்கு இறக்கிக் காலியாகத் திரும்பும் கூண்டு வண்டியும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

சொந்தக் கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். குடும்பத்தோடு கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகும்போது கூரைக் கேரியரில் பாத்திரங்களை ஏற்றுகிறோம். கார் உயரமாகிவிட்டது என்பதை நினைப்பதில்லை. 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் 80 தாண்டினால் விட்டுவிட்டும், 120 தாண்டினால் விடாமலும் எச்சரிக்கை ஒலி கேட்கும். அது தொந்தரவு அல்ல, புத்திமதி. டயரின் பக்கவாட்டில் ஓர் எழுத்து இருக்கும். ஆங்கில 'எல்' என்றால் 120, 'என்' என்றால் 140, 'எஸ்' என்றால் 180, 'டி' என்றால் 190 கி.மீ. வரைதான் அந்த டயர் தாங்கும். அதுவும் சரியான காற்றும் அளவான பாரமும் இருந்தால்தான். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

இப்போது நாங்கள் செய்வது

கருவியைத் திரும்ப மாட்டிவிட்டோம். கனமான சரக்கு அடியில், வண்டியின் நடுவில், லேசானது மேலே. இறக்கும் வரிசை அதற்குப் பிறகுதான். அனுமதித்த எடைக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றுவதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு ரூ.20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000 அபராதம் என்று இருப்பதும் நினைவில் இருக்கட்டும். ஓட்டுநரிடம் சேரும் நேரத்தைச் சொல்வதில்லை. கிளம்பும் நேரத்தை நாங்கள் தவறாமல் கடைப்பிடிக்கிறோம்.

இதனால் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஐந்து மணிக்குச் சரக்கு கேட்ட இரண்டு கடைகள் எங்களை விட்டு வேறு மண்டிக்குப் போய்விட்டன. தீபாவளி, பொங்கல் நேரத்தில் ஒரு நடை கூடுதலாக விட வேண்டியிருக்கிறது. ஒரு கடை மட்டும் இப்படி நடந்தால் அந்தக் கடைக்குத்தான் நஷ்டம். எல்லாக் கடையும் சேர்ந்து நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சரக்கு இறக்கும் நேரம் காலை எட்டு மணி வரை என்று மொத்த வியாபாரிகளும் சில்லறை வியாபாரிகளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். சில்லறைக் கடை அன்பர்கள் தேவையை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எங்கள் பழைய ஓட்டுநருக்கு இரண்டு தடவை ஆபரேஷன் ஆயிற்று. இனி அவரால் வண்டி ஓட்ட முடியாது. கிட்டங்கியில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறோம். சாயங்காலம் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். யாராவது சீனி மூட்டையை மேலே தூக்கினால், "அடியில போடு தம்பி" என்பார். அவர் சரி என்று சொல்லாமல் எங்கள் கடையிலிருந்து எந்த வண்டியும் கிளம்புவதில்லை.